கண்டியில் வீழ்ந்த முடியும் வீழாத முடியாட்சியும்

நவீன உலகில் மன்னராட்சிக்கு இன்னமும் இடம் உண்டா என்ற கேள்வி அவ்வப்போது தலைதூக்குவதுண்டு. 2008 மே 28 ஆம் திகதி நேபாளம் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசாகியது. 2021 நவம்பர் 30 இல் பார்படோஸ் தீவு பிரித்தானிய முடியுடனான தொடர்பைத் துண்டித்துக் கொண்டது. மறுவருடம் இரண்டாம் எலிசபெத் மகாராணி காலமானபோது, முடியை வைத்திருப்பதா விடுவதா என்ற விவாதம் பல நாடுகளில் மீண்டும் எழுந்தது. எமது நாட்டைப் பொறுத்தவரை 1972 மே 22 ஆம் திகதியே இக்கேள்விக்கு விடை கூறப்பட்டு விட்டதெனப் பலரும் கருதுகின்றனர். பெயரளவில் அது சரியே. ஆயினும், முடியை அகற்றிய நாம் முடியாட்சியையும் அகற்றினோமா என்று கேட்டால் பதில் அத்தனை இலகுவானதல்ல. இதனைக் கண்டியிலிருந்து நோக்குவதே பொருத்தமானது. ஏனெனில் இந்நாட்டின் கடைசி அரசன் ஆண்டது கண்டியில். அவனது அரியணை வெள்ளையர் கைக்கு மாறியதும் கண்டியில்.

கண்டி வாவிக் கரையில் நடப்பவர் எவரும் கடைசி அரசனின் கைவண்ணத்தைக் காணாமல் செல்ல முடியாது. வாவியே 1807 இல் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனால் அமைக்கப்பட்டதாகும். தலதா மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபமான பத்திரிப்புவவும் அவனது காலத்தது. சற்று அப்பால் மரத்தூண்களுடன் நிற்கும் மகுல் மடுவவில்தான் 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 1954 ஏப்ரலில் இலங்கையின் மகாராணி என்ற தகுதியில் கண்டிக்கு வந்த எலிசபெத், பத்திரிப்புவவில் தோன்றிப் பெரஹராவைக் கண்டுகளித்தார். 2015 ஜனவரியில் புதிதாகத் தெரிவான ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாட்டு மக்களுக்கு உரையாற்றியதும் அதே இடத்திலிருந்துதான். 2020 ஆகஸ்ட் 12 ஆம் திகதி புதிய அமைச்சரவை சத்தியப்பிரமாணம் செய்து கொள்வதற்கு மகுல் மடுவவே தெரிவு செய்யப்பட்டது. வருடந்தோறும் எசல பெரஹரா இனிது நிறைவேறியதைத் தியவடன நிலமே அன்று அரசனிடம் அறிவித்தார். இன்று, ஒரு காலத்தில் பிரித்தானியத் தேசாதிபதிகள் தங்கிய மாளிகைக்குச் சென்று ஜனாதிபதியிடம் அறிவிக்கின்றார். சடங்கில் மாற்றமில்லை, ஆசனத்தில் இருப்பவர் மட்டுமே மாறியுள்ளார்.

அந்த ஆசனத்தில் 1739 முதல் 1815 வரை அமர்ந்திருந்தவர்கள் நாயக்க வம்சத்தவர். நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசின்றி மறைந்ததும் மதுரையிலிருந்து வந்த அவனது பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயருடன் முடிசூடினான். அவனைத் தொடர்ந்து கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், இராஜாதி இராஜசிங்கன், ஈற்றில் கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் ஆகியோர் ஆட்சி செய்தனர். தெலுங்கு மரபில் வந்து தமிழ் பேசி வளர்ந்த இவ்வரசர்கள் பௌத்தத்தின் காவலர்களாகவே ஆட்சி நடத்தினர். நலிவுற்றிருந்த பிக்குமாரின் உபசம்பதாவை 1753 இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து மீளத் தொடக்கி வைத்தவன் கீர்த்தி ஸ்ரீயே. இன்றைய சியம் நிக்காயவின் தோற்றுவாய் அதுவாகும். இத்தனை செய்தும் 1760 இல் அவனுக்கு எதிராகச் சதியொன்று உருவாயிற்று. அரசன் திருநீறு அணிகின்றான் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அச்சதியை முன்கூட்டியே அறிந்து அரசனை எச்சரித்தவர் அரண்மனை வைத்தியரான கோபால முதலியார் என்ற முஸ்லிம் பிரமுகர் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

முஸ்லிம்களுக்கும் கண்டி அரசுக்கும் இடையிலான உறவு நாயக்கருக்கு முற்பட்டது. போர்த்துக்கேயர் தமது ஆளுகைப் பிரதேசங்களிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது செனரத் மன்னன் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, 1626 அளவில் நாலாயிரம் பேரைக் கிழக்கில் குடியேற்றினான். கண்டி இராச்சியத்தில் தவளம் கொண்டு பொதி ஏற்றிச் செல்லும் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பணியாற்றினர். வைத்தியர்களாகவும் தூதுவர்களாகவும் விளங்கிய குடும்பங்கள் நிலமானியங்கள் பெற்றன. அக்குறணை, கம்பளை, மடவளை போன்ற ஊர்களில் இன்றும் முதியோர் இதனைப் பெருமையுடன் நினைவுகூர்வர். அப்பெருமை நியாயமானதே.

ஆயினும் ஒன்றை நாம் மறந்து விடலாகாது. மன்னர் அளித்த புகலிடமும் மானியமும் மன்னரின் விருப்பத்தைச் சார்ந்தவை. அவை உரிமைகள் அல்ல. கொடுத்தவர் இல்லாமற் போகும்போது அல்லது அவரது மனம் மாறும்போது அவற்றுக்குப் பிணை எதுவும் இல்லை. 1815 இல் நிகழ்ந்தவை இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன.

அவ்வருடம் பெப்ரவரி 18 ஆம் திகதி மெதமகாநுவரப் பகுதியில் மறைந்திருந்த அரசன் பிடிபட்டான். இரு வாரங்களில் ஒப்பந்தம் தயாராயிற்று. கண்டி இராச்சியத்தின் மீது ‘மலபார்’ வம்சத்துக்கிருந்த உரித்து முற்றாக ஒழிக்கப்படுவதாகவும், அரசனின் ஆண் உறவினர் அனைவரும் அரசாங்கத்தின் எதிரிகளெனவும், வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வரின் மரண தண்டனைக்கு உள்ளாவர் எனவும் அதில் எழுதப்பட்டது. ‘மலபார்’ என்று அக்காலத்து வெள்ளையர் குறிப்பிட்டது தமிழரையே என்பதை வாசகர்கள் அறிவர். ஒப்பமிட்ட கண்டிப் பிரதானிகளின் கையொப்பங்களிற் சில தமிழ் எழுத்தில் அமைந்திருப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அரசன் 1816 இல் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 ஜனவரி 30 இல் அங்கேயே மரணமானான். அவனது உறவினர் குடியிருந்த தெரு இன்றும் கண்டியில் மலபார் வீதி என்றே வழங்குகிறது. பெயர் மட்டுமே எஞ்சியது.

கண்டி மக்கள் அன்று விரும்பியது அரசனற்ற ஆட்சியை அன்று. மூன்று வருடங்கள் கழியுமுன் ஊவா வெல்லஸ்ஸவில் வெடித்த கிளர்ச்சியின் நாயகனாக முன்னிறுத்தப்பட்டவன் தன்னைத் துரைசாமி என்ற நாயக்க இளவரசன் எனக் கூறிக் கொண்டான். உண்மையில் அவன் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. சிங்களக் கிராமங்களைத் திரட்டுவதற்குத் தமிழ்ப் பெயரொன்று தேவைப்பட்டது என்பதை இன்றைய இனவாதிகள் பேச விரும்புவதில்லை. அக்கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்று, வெல்லஸ்ஸ முஸ்லிம்களின் முகாந்திரமாக ஹாஜி மரிக்காரை ஆங்கிலேயர் நியமித்து, உள்ளூர்ப் பிரதானியின் அதிகாரத்திலிருந்து அவர்களைப் பிரித்தமையாகும். ஹாஜி கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டார். அதிகாரத்திலிருப்போர் சிறுபான்மையினர் ஒருவருக்குச் சலுகை வழங்க, அதன் விலையை அச்சமூகம் செலுத்த நேர்வது அன்றே தொடங்கி விட்டது.

ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு பௌத்த சமயமும் அதன் கிரியைகளும் மீறப்படாதவை என வாக்களித்தது. நூறு வருடங்களுக்குப் பின் அவ்வாக்கு கம்பளையில் வேறு வடிவில் எழுந்து நின்றது. வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து செல்கையில் மேளவாத்தியத்தை நிறுத்த வேண்டுமா என்ற பிணக்கு 1912 இல் முற்றியது. கண்டி ஒப்பந்தம் தமக்கு வழங்கிய உரிமை இதுவெனத் தேவாலய நிர்வாகம் வழக்காடியது. கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914 இல் அதனை ஏற்றது. மேன்முறையீட்டில் 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மூன்று மாதங்களில், வெசாக் இரவில், கண்டி காசல் வீதியில் கலவரம் மூண்டு ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து கண்மூடித்தனமான தண்டனைகளை விதித்தது. பிரித்தானிய முடி ஒரு கையால் பௌத்தருக்கு வாக்களித்து, மறு கையால் முஸ்லிமுக்குப் பாதுகாப்பளிப்பதாகக் காட்டிக் கொண்டது. இரு தரப்பினரும் முடியையே நம்பியிருந்தமையால் ஒருவரோடொருவர் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் நீதிமன்றுக்கும் பின்னர் வீதிக்கும் சென்றது.

இனி 1948 க்கு வருவோம். சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்னர், கண்டியின் கடைசி அரசனது சிங்கக் கொடியையே நாட்டின் கொடியாக ஏற்க வேண்டுமெனப் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை ஆவார். தமிழ் பேசிய அரசன் ஒருவனின் கொடியை முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார் என்ற இச்செய்தி பாடநூல்களில் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டியதொன்று. நாடு சுதந்திரமடைந்த பின்னரும் அரச தலைவராக இருந்தவர் ஆறாம் ஜோர்ஜ் மன்னரே. அவரது பிரதிநிதியாக மகாதேசாதிபதி கடமையாற்றினார்.

இங்குதான் மன்னராட்சிக்கு ஆதரவாகக் கூறப்படும் வலுவான வாதத்தை நாம் பரீட்சித்துப் பார்க்க முடியும். கட்சிகளுக்கு அப்பாற்பட்டவர், தேர்தலில் எவரிடமும் வாக்குக் கேட்காதவர், ஆகவே பெரும்பான்மையின் கடும் போக்குக்கு அணை போடக்கூடியவர் மன்னர் என்பதே அவ்வாதம். சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. இறுதி மேன்முறையீடு இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. ஏட்டளவில் இதைவிடச் சிறந்த காப்பு இருக்க முடியாது.

நடந்தது என்ன? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டித் தொகுதியை கே. இராஜலிங்கம் பெற்றார். மறு வருடமே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949 இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. மலையகத் தமிழரும் இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் ஒரே வலையில் சிக்கினர். இச்சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் மன்னரின் பெயரால் அங்கீகாரம் வழங்கப்பட்டது. அணை போட வேண்டியவரின் முத்திரையே அவற்றைச் சட்டமாக்கியது. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லை வாக்காளர் இடாப்பிலிருந்து விலக்கப்பட்ட கோடக்கன் பிள்ளையின் வழக்கு கோமறைக் கழகம் வரை சென்றது. தனது பிரஜைகள் யார் என வரையறுப்பது எந்தவொரு பாராளுமன்றத்தினதும் இயல்பான அதிகாரம் என்று 1953 இல் தீர்ப்பாயிற்று. மறு வருடம் மகாராணி பத்திரிப்புவவில் தோன்றி ஆரவாரத்துடன் வரவேற்கப்பட்டபோது, கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தோரில் மிகப் பெரும்பாலானோர் எந்நாட்டுப் பிரஜைகளும் அல்லர்.

கோடீஸ்வரன் வழக்கு இதைவிடவும் விசித்திரமானது. சிங்களத்தில் தேர்ச்சி பெறவில்லை என்பதற்காகச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் அவர். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் 29 ஆம் பிரிவுக்கு முரணானதென 1964 இல் மாவட்ட நீதிமன்றம் கூறியது. உயர் நீதிமன்றமோ மொழிப் பிரச்சினைக்குள் நுழையாமல், முடியின் சேவகர் ஒருவர் தமது சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டது. வழக்குத் தொடரலாம் என்று கோமறைக் கழகம் 1969 இல் கூறித் திருப்பி அனுப்பியது. மூலக் கேள்விக்கு விடை கிடைக்குமுன் 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடே ஒழிக்கப்பட்டது. ஆக, முடி என்ற கோட்பாடு குடிமகனைக் காப்பதற்குப் பதிலாக அரசாங்கத்தைக் காக்கும் கவசமாகவே பயன்பட்டது.

எனவே 1972 இல் முடி அகற்றப்பட்டமைக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. கவலைக்குரியது அதனுடன் சேர்த்து அகற்றப்பட்டவையே. 29 ஆம் பிரிவு நீக்கப்பட்டது. இயற்றப்பட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கும் அதிகாரமும் நீக்கப்பட்டது. கண்டி மாநகர ஆணையாளராகப் பணியாற்றியிருந்த வில்லியம் கொபல்லாவ அன்று காலை மகாதேசாதிபதி, பின்னர் ஜனாதிபதி. ஆளும் மாறவில்லை, மாளிகையும் மாறவில்லை. மாறியது காப்பீடு மட்டுமே.

1978 இல் ஜே. ஆர். ஜயவர்தன வகுத்த அரசியலமைப்பு மேலும் ஒரு படி சென்றது. கண்டி அரசனையாவது பிரதானிகளும் சங்கமும் தொன்றுதொட்டு வந்த வழமையும் ஓரளவு கட்டுப்படுத்தின. புதிய ஜனாதிபதியோ பதவிக்காலத்தில் எந்த நீதிமன்றிலும் கேள்விக்குட்படுத்தப்பட முடியாதவராக ஆக்கப்பட்டார். ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் சுழற்சி முறையில் மன்னராகும் மலேசியா, ஆட்சியாளர்களின் சட்ட விலக்குரிமையை 1993 இல் நீக்கி அவர்களை விசாரிக்க விசேட நீதிமன்றை அமைத்தது. குடியரசான இலங்கையில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களை அடிப்படை உரிமை மனு மூலம் வினவுவதற்கு 2015 ஆம் ஆண்டின் 19 ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.  அயலிலுள்ள மாலைதீவின் கதையும் இதுவே. அங்கு 1968 இல் சுல்தானியம் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1978 முதல் 2008 வரை ஒரே ஜனாதிபதி முப்பது வருடங்கள் ஆண்டார்.

நிறைவேற்று ஜனாதிபதி முறைமை ஒழிக்கப்படக் கூடாதென எமது சமூகங்களிலும் ஒரு சாரார் வாதிடுகின்றனர். அதனை அலட்சியம் செய்ய முடியாது. நாடு முழுவதும் ஒரே தொகுதியாகும்போது தமிழ், முஸ்லிம், மலையக வாக்குகள் வெற்றியைத் தீர்மானிக்கும். ஆகவே வேட்பாளர் எம்மிடம் வந்தே ஆக வேண்டும் என்பது அவர்களது வாதம். 1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு இரு தினங்கள் முன்னர் நிறைவேறிய 15 ஆவது திருத்தம், ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளியை எட்டிலொரு பங்கிலிருந்து இருபதிலொரு பங்காகக் குறைத்தது. எம். எச். எம். அஷ்ரபின் பேரம் பேசலின் பயனாகவே அது கருதப்படுகின்றது. நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அதே வருடம் சௌமியமூர்த்தி தொண்டமானின் முயற்சியால் வந்தது. இவ்விரண்டும் பெறுமதி மிக்கவை. அவை இன்றும் நிலைப்பது சட்டமாக்கப்பட்டமையால்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். அவற்றை வழங்கிய ஜனாதிபதியின் காலத்திலேயே 1983 கறுப்பு ஜூலையும் நிகழ்ந்தது.

பின்னைய அனுபவம் இன்னும் கசப்பானது. எமது வாக்குகளால் 2015 இல் தெரிவான ஜனாதிபதியின் ஆட்சியிலேயே 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 1915 இல் எரிந்த அதே மாவட்டம். 2019 தேர்தலோ எமது வாக்குகள் இன்றியும் ஜனாதிபதி ஆகலாம் என்பதை நிரூபித்தது. அதன் பின் கொவிட் தொற்றினால் மரணித்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1 ஆம் திகதி காரணம் கூறாமலே நிராகரித்தது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து சென்ற மறுதினம், 2021 பெப்ரவரி 25 இல், நல்லடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. செனரத் மன்னனின் அரசவையில் தூதுவர் ஒருவர் கேட்டுப் பெறும் சலுகைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இதிலும் வேதனையானது, ஜனாஸாக்கள் எரிந்து கொண்டிருந்த 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20 ஆவது திருத்தத்துக்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்த முஸ்லிம் உறுப்பினர் சிலரும் மலையக உறுப்பினர் ஒருவரும் கையுயர்த்தியமையாகும். அரசனை மகிழ்வித்தால் அருள் கிட்டும் என்ற பழைய கணக்கே அங்கு போடப்பட்டது. அக்கணக்கு பொய்த்தது, அந்த ஜனாதிபதியும் 2022 ஜூலையில் நாட்டை விட்டு வெளியேறினார்.

மன்னராட்சி வேண்டுமா என்று எம்மிடம் கேட்டால், வேண்டாம் என்பதே எமது பதில். பிறப்பினால் ஒருவர் அரச தலைவராவதை இக்காலத்தில் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தேர்ந்தெடுக்கப்படும் மன்னரும் வேண்டாம் என்று சேர்த்தே கூறுகின்றோம். 1994 முதல் இம்முறைமையை ஒழிப்பதாக வாக்களித்தோர் பலர். 2024 இல் தேசிய மக்கள் சக்தியும் அவ்வாறே வாக்களித்தது. ஒழிப்பு மட்டும் போதாது. இம்முறைமை இன்றி 1972 முதல் 1978 வரை நிலவிய பாராளுமன்ற ஆட்சியும் எம்மைக் காக்கவில்லை. எமது பிரதிநிதிகள் வலியுறுத்த வேண்டியவை இரண்டு. மாகாணங்களுக்கு மீளப்பெற முடியாதவாறு அதிகாரம் பகிரப்படல் வேண்டும். மற்றையது, அதிகம் பேசப்படாதது, தற்போதைய அரசியலமைப்பின் 80 (3) ஆம் உறுப்புரையாகும். சபாநாயகர் ஒப்பமிட்ட பின் எந்தச் சட்டத்தையும் எந்த நீதிமன்றும் எக்காரணம் கொண்டும் வினவ முடியாது என்கிறது அது. சட்டமூலம் சபையில் சமர்ப்பிக்கப்பட்டுச் சில நாட்களுக்குள் மனுச் செய்யத் தவறினால் கதவு நிரந்தரமாக மூடப்படுகின்றது. சோல்பரி காலத்தில் கோடீஸ்வரன் என்ற தனியொரு எழுதுவினைஞர், சட்டம் இயற்றப்பட்டு ஆறு வருடங்களுக்குப் பின்னரும் அதற்கு எதிராக நீதிமன்றம் செல்ல முடிந்தது; இன்று முடியாது. புதிய அரசியலமைப்பு வரைவொன்று வெளிவரும் நாளில் எமது பிரதிநிதிகள் முதலில் திறந்து பார்க்க வேண்டியது இவ்வுறுப்புரையின் இடத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதையே.